பெரியாண்டிக் கண்மாய் அருவி

அரிமளம் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் செவந்திக்கு இளவட்டங்கள் வைத்த பெயர் ‘பொறுங்கக்கா’. படத்துக்கு நிற்பவர்களிடம் அவள் அதிகம் சொல்லும் சொல் அதுதான். மேகம் நகரட்டும், பொறுங்க. முகத்தில் வேர்வை அடங்கட்டும், பொறுங்க. காதுகுத்து வீட்டில் பிள்ளை அலறும்போது எல்லோரும் படம் எடுப்பார்கள். செவந்தி எடுக்க மாட்டாள். அழுகை ஓய்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிள்ளை தாய்மாமனைச் சந்தேகத்தோடு பார்க்கும் அல்லவா, அதுவரை காத்திருந்து எடுப்பாள்.

போன கார்த்திகையில் ஒருநாள் அந்தப் பொறுமைதான் ஒரு கண்மாய்க் கரையை உடைக்கப் பார்த்தது.

அவளுக்கு யாரும் தொழில் கற்றுத்தரவில்லை. பத்தாவது முடித்ததும் புதுக்கோட்டையில் ஒரு கலர் லேபில் ஆல்பம் ஒட்டும் வேலைக்குப் போனாள். ஒரே மணப்பெண் ஒரு பிரிண்டில் மஞ்சளாகவும் அடுத்ததில் சாம்பலாகவும் இருப்பது ஏன் என்று ஓரம் வெட்டிக்கொண்டே யோசிப்பாள். லேபுக்கு வரும் போட்டோகிராபர்களிடம் கேட்பாள். சிலர் சொன்னார்கள், சிலர் சிரித்துவிட்டுப் போனார்கள். கூத்தன்வயல் முத்துராமனுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு, குவைத்திலிருந்து முதல் விடுப்பில் வந்தவனிடம் சங்கிலிக்குப் பதிலாகக் கேமரா கேட்டாள். “ரெண்டும் கழுத்துல மாட்டுறதுதான, வாங்கிக்க” என்றான் அவன். சடங்கு வீடுகளில் உள் அறை வரைக்கும் போய்ப் படம் எடுக்க ஒரு பெண் வேண்டியிருந்தது. அங்கே தொடங்கிய தொழில், இன்று கல்யாணம் வரை வந்திருக்கிறது.

கூத்தன்வயலின் அம்பலம் மலையாண்டி. கண்மாய், கோயில், பஞ்சாயத்து எல்லாம் அவர் பார்வையில்தான் நடக்கும். அவர் மகள் வைஷ்ணவி சென்னையில் கூட வேலை பார்க்கும் வெற்றிசெல்வனைக் கட்டிக்கொள்ள இருந்தாள். மாப்பிள்ளை தென்காசிக்காரர். கல்யாணத்துக்கு முன்பு ஜோடியாக வெளியே போய்ப் படம் எடுப்பது இப்போது எல்லா வீட்டிலும் உண்டு. சம்பந்தி வீட்டார் அவர்கள் ஊர் அருவிக்கே வந்து எடுங்கள் என்றார்கள். சொன்னதோடு விட்டிருந்தால் வம்பில்லை. நிச்சயதார்த்தப் பந்தியில் மாப்பிள்ளையின் தாய்மாமன் கையைக் கழுவிக்கொண்டே, “ஒங்க பக்கம் கை கழுவத் தண்ணி கெடைக்குதே, பரவால்லியே” என்றுவிட்டார். மலையாண்டி அப்போது சிரித்தார். மறுநாள் காலையில் செவந்தியின் ஸ்டூடியோ திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார்.

“நம்ம அருவியில எடுக்குறோம் செவந்தி. மண்டபத்துல பெரிய ஸ்க்ரீன் வைக்கிறேன். வர்ற பய எல்லாம் பாக்கணும்.”

நம்ம அருவி என்றால் பெரியாண்டிக் கண்மாயின் கலிங்கு. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறுவதற்காகக் கரையின் வடகோடியில் தாழ்வாகக் கட்டியிருக்கும் கல்வழி அது. அதன்மேல் இடுப்புயரக் கற்கள் பல்வரிசைபோல் நட்டிருக்கும். அவற்றின் இடைவெளி வழியே வரும் தண்ணீர் செம்பாறைத் திட்டிலிருந்து இரண்டு ஆள் உயரத்துக்கு விழுந்து, ஓடையாகி, பள்ளம் பள்ளமாக இறங்கி வெள்ளாற்றில் சேரும். மலைநாட்டுக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். பல வருடங்களில் அது விழுவதே இல்லை. விழுகிற வருடத்தில் கூத்தன்வயல்காரர்களுக்கு அதைவிடப் பெரிய அருவி உலகத்தில் கிடையாது.

அந்த வருடம் விழுந்தது. ஆனால் படம் எடுக்கக் குறித்த நாளுக்கு முன்தினம் செவந்தி இடம் பார்க்கப் போனபோது, மழை ஓய்ந்து தண்ணீர் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

“இது காணாது மாமா,” என்றாள். “ஜோடி முன்னால நின்னா பின்னால பைப்பு ஒழுகுற மாதிரி இருக்கும். போர்வை விரிச்சாப்புல விழுகணும்.”

“எம்புட்டு வேணும்?”

“ஒரு சாண் தண்ணி கூட இருந்தா அருமையா இருக்கும்.”

“அம்புட்டுத்தான? ராத்திரிக்கு அடைச்சு வச்சு, நாளைக்கு நீ சொல்றப்பத் தொறந்து விட்டாப் போச்சு.”

கலிங்கை அடைப்பது அந்த ஊருக்குப் புதிதல்ல. தை பிறந்து, மழை இனி இல்லை என்று ஆன பிறகு, கற்களின் இடைவெளியில் வைக்கோலும் களிமண்ணும் திணித்துக் கடைசித் தண்ணீரைத் தேக்குவார்கள். அந்த ஒரு முழத் தண்ணீர் கதிர் முற்றும்வரை தாங்கும். மழைக்காலத்தில் மட்டும் யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

கண்மாய்க்குக் காவல் இருக்கும் பிச்சை பக்கத்தில்தான் நின்றார். “கார்த்திகையிலயாங்க அடைக்கிறது?” என்றார்.

“ஒரு ராத்திரிதானய்யா. வானத்தப் பாரு, வெளுத்துக் கெடக்கு.”

பிச்சை வானத்தைப் பார்க்கவில்லை. செவந்தியைப் பார்த்தார். அவள் செம்பாறையின் அகலத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். தண்ணீர் எந்த இடத்தில் வெள்ளையாக உடையும், பெண்ணை எங்கே நிறுத்தலாம் என்பதே அவள் யோசனையாக இருந்தது.

மறுநாள் போனபோது கலிங்கு முழுக்க அடைபட்டிருந்தது. வைக்கோல், களிமண், அதற்கு முன்னால் மணல் மூட்டைகள். ஒவ்வொரு மூட்டையிலும் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை இளவட்டங்கள் கையில் பிடித்திருந்தார்கள். ஊரில் மழை இல்லைதான். ஆனால் மேற்கே எங்கேயோ பெய்திருக்க வேண்டும். மேலக் கண்மாயும் நிறைந்து, அதன் மிச்சத் தண்ணீர் இங்கே வந்துகொண்டிருந்தது. ஒரு சாண் கேட்ட இடத்தில் அதைவிட அதிகமாகவே ஏறி நின்றது.

கரையைச் சுற்றி வரப் புறப்பட்ட பிச்சையை மலையாண்டி கூப்பிட்டுக்கொண்டார். “அங்கிட்டு எங்க போற? கயிறு பிடிக்க ஆளு பத்தல, வா.”

செவந்தி ஓடைக்கு எதிர்ப்பக்கம், தாழ்ந்த பாறை ஒன்றில் ஸ்டாண்டை ஊன்றினாள். மேலே இருப்பவர்களுக்குச் சத்தம் கேட்காது என்பதால் சிவப்புத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டாள். துண்டை வீசினால் திறக்க வேண்டும். அதுதான் பேச்சு.

வைஷ்ணவி பச்சைப் பட்டிலும் வெற்றிசெல்வன் வேட்டியிலும் அருவி விழும் இடத்தை ஒட்டிய பாறையில் நின்றார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது.

“பொறுங்க,” என்றாள் செவந்தி. “மூக்கு நிழலு மீசை மாதிரி விழுகுது.”

“எனக்கா அவளுக்கா?” என்றான் வெற்றிசெல்வன்.

“அவளுக்குத்தான். ஒங்களுக்கு ஏற்கெனவே இருக்கு.”

வைஷ்ணவி சிரித்தாள். அவன் கலிங்கை அண்ணாந்து பார்த்தான். “எங்க ஊர்ல அருவி அதுபாட்டுக்கு விழும். இங்கன கயிறு கட்டில்லா இழுக்கீங்க!”

“ஒங்க அருவியில எல்லாரும் வரிசையில நிக்கணும். இது எனக்கு மட்டும் விழுகுது,” என்றாள் அவள்.

ஒரு மேகம் வந்து வெயிலை மூடியது. மூடியதும் பாறை கறுத்துவிட்டது. மேலிருந்து மலையாண்டி இரண்டு கையையும் விரித்து, திறக்கவா என்று கேட்டார். செவந்தி உள்ளங்கையைக் காட்டினாள். பொறுங்க. பிறகு தூறல் விழுந்தது. ஜோடியைக் குடைக்குள் நிறுத்தி, கேமராவுக்கு ஒரு பாலிதீன் பையை மாட்டினாள். தூறல் நின்று, மறுபடி வெயில், மறுபடி மேகம். நிமிடத்துக்கு ஒரு வானம். தண்ணீர் ஒருமுறைதான் போர்வைபோல் விழும், பிறகு மட்டம் இறங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒருமுறைக்கு, மெல்லிய மேகத்துக்குள்ளிருந்து பால்போல் இறங்கும் வெளிச்சம் வேண்டும். அது வரும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. வந்துகொண்டே இருந்தது, ஆனால் நிற்கவில்லை.

மேலே இளவட்டங்கள் சலித்துப்போனார்கள். “அக்கா, கல்யாணமே முடிஞ்சிரும் போல!” என்று ஒருவன் கத்தியது காற்றில் பாதி கேட்டது.

இடையிடையே வெளிச்சம் சரிபார்க்க அவள் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்ததை ஓரம் ஓரமாகப் பார்ப்பது அவள் பழக்கம். நடுவில் இருப்பவர்கள் நன்றாகத்தான் நிற்பார்கள். கெடுப்பதெல்லாம் ஓரத்தில்தான் இருக்கும், ஒரு செருப்பு, ஒரு பிளாஸ்டிக் குடம். இந்தப் படத்தின் இடது ஓரத்தில் கண்மாய்க் கரையின் வெளிச்சரிவு கொஞ்சம் விழுந்திருந்தது. அதில் மடைக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு திட்டு. தூறலில் நனைந்தது என்று நினைத்தாள். கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்ளலாம்.

பிறகு நல்ல வெயில் அடித்தது. அடுத்த படத்தில் சரிவெல்லாம் காய்ந்து வெளுத்துவிட்டது. அந்தத் திட்டு மட்டும் காயவில்லை. நீண்டிருந்தது. முனையில் ஏதோ மினுங்கியது.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். கரைக்குள்ளிருந்து விரல் பருமனுக்குத் தண்ணீர் வந்து, புல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நிறம் சிவப்பு. கரை மண்ணின் நிறம்.

தெளிந்த தண்ணீர் கசிந்தால் கரை வேர்க்கிறது என்பார்கள். மண்ணோடு வந்தால் கரை உள்ளே கரைந்துகொண்டிருக்கிறது. கண்மாய்ப் பாசனத்தில் ஒரு துண்டு நிலம் வைத்திருக்கிற வீட்டில் இது தெரியாதவர்கள் இல்லை. அந்தச் சரிவின் அடியிலேயே ஒரு தெரு இருந்தது. பிச்சையின் வீடும் அங்கேதான். அவர் மருமகள் பிரகதாம்பாள் கிடைத்த வெயிலுக்குக் கொடியில் துணி போடுவது செவந்தி நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. அவள் காலடியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கலிங்கை உடனே திறக்க வேண்டும். துண்டை வீசினால் திறந்துவிடுவார்கள். ஒரு சாண் தண்ணீருக்குக் கணக்குப் பார்த்து நிறுத்திய இடம் அது; இப்போது ஏறி நிற்பதை மொத்தமாகத் திறந்தால் அத்தனையும் ஜோடியின் மேல்தான் விழும்.

துண்டை இடுப்பில் சொருகிக்கொண்டு மலையாண்டிக்குப் போன் அடித்தாள். வேறொரு அழைப்பில் இருந்தார். நிமிர்ந்து பார்த்தாள். போனைக் கலிங்கின் பக்கம் திருப்பிப் பிடித்து, யாருக்கோ வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டாராகத்தான் இருக்கும்.

“வைஷ்ணவி! மேல ஏறு! ரெண்டு பேரும் ஏறுங்க!”

“ஏன்க்கா, லைட்டு வந்துருச்சா?”

“ஏறுன்னா ஏறு!”

கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினாள். வழுக்கியது. சமாளிக்க ஒரு கையை வீசினாள். மேலே யாரோ கத்துவது கேட்டது. “அக்கா கை காட்டிருச்சு, இழுங்கடா!”

ஒரு மூட்டை பெயர்ந்து வந்தது. அந்த இடைவெளியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்து, வைஷ்ணவி அதுவரை நின்றிருந்த பாறையில் மோதியது. அவள் இரண்டு எட்டுதான் விலகியிருந்தாள். முந்தானை தண்ணீரில் சிக்கி இழுக்க, முழங்காலில் விழுந்தாள். வெற்றிசெல்வன் அவள் இரு தோள்களையும் பிடித்து, பட்டு கிழிகிற சத்தத்தோடு மேட்டுக்கு இழுத்துப் போட்டான்.

“நிறுத்துங்கடா! நிறுத்துங்க!” செவந்தி கத்திக்கொண்டே செம்பாறையில் கையை ஊன்றி ஏறினாள். மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது.

மலையாண்டி போனைக் கீழே இறக்கினார். “என்ன ஆத்தா இது? ஒரு மூட்டையோட நிறுத்தச் சொல்ற?”

“மாமா, மடைக்கிட்ட கரையில ஊத்து விட்டுருக்கு. மண்ணாக் கொண்டு வருது.”

“கரை கசியறது புதுசா? தூறல்ல...”

அவள் கேமராவை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். “இது மொதல்ல எடுத்தது. இது இப்ப எடுத்தது. பாருங்க.”

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பிச்சையும் பார்த்தார். கயிற்றை அப்படியே போட்டார்.

“எலி வளை அடைச்ச எடம்,” என்றவர் கரையின் மேல் ஓடத் தொடங்கினார். ஓடிக்கொண்டே திரும்பிக் கத்தினார். “ஓரத்துலருந்து எடுங்க! நடுவுல மொத்தமாப் பிடுங்கினா கலிங்கே பேந்துரும்!”

மலையாண்டி மடையின் பக்கம் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த போனில் சம்பந்தியின் முகம், “என்னாச்சு, ஏன் ஒண்ணும் தெரியல?” என்று கேட்டுக்கொண்டிருந்தது. “தண்ணி ஜாஸ்தியாப் போச்சுங்க, பெறகு பேசறேன்,” என்று அணைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

“இழுங்கடா.”

கயிற்றைப் பிடித்த பையன் ஒருவன் தயங்கினான். “அக்கா, ஒங்க பை கீழ பாறையிலயே கெடக்கு. ஸ்டாண்டும் நிக்கிது.”

செவந்தி குனிந்து பார்த்தாள். பத்து வருடத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்த லென்சுகள் எல்லாம் அந்தப் பையில்தான். எடுத்துவரப் போனால் இறங்கி ஏற வேண்டும். அதுவரை இவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

“இழு,” என்றாள்.

இழுத்தார்கள். ஓரத்து மூட்டைகள் வந்தன. அடுத்தவை அசையவில்லை. ராத்திரி முழுக்கத் தண்ணீர் அழுத்தியதில் வைக்கோலும் களியும் கல்லோடு கல்லாக இறுகியிருந்தன. ஒரு கயிறு அறுந்து நான்கு பேர் மல்லாக்க விழுந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. மலையாண்டி கடப்பாரையை வாங்கிக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டச் சொல்லி, கற்களைப் பிடித்தபடி தண்ணீருக்குள் இறங்கினார். வெற்றிசெல்வன் ஓடிவந்து அந்தக் கயிற்றைத் தன் கையில் வாங்கி, ஒரு கல்லில் சுற்றி, காலை உதைத்துக்கொண்டு நின்றான். “குத்துங்க மாமா, நான் பிடிச்சிருக்கேன்!” அவர் குத்திப் பெயர்க்கப் பெயர்க்க, வைக்கோல் கட்டுகள் செத்த ஆடுபோல் ஒவ்வொன்றாக உருண்டு போயின.

அருவி விழத் தொடங்கியது. போர்வைபோல் அல்ல. ஒரு சுவரே சாய்வதுபோல, சிவந்து, இரைந்து, செம்பாறையை மூடிக்கொண்டு விழுந்தது. அந்த நேரத்தில் மெல்லிய மேகம் ஒன்று வெயிலின் குறுக்கே வந்து நின்றதா என்று யாரும் பார்க்கவில்லை. கீழே ஸ்டாண்டு ஒருமுறை ஆடியது, சாய்ந்தது, பிறகு பாறையே தெரியவில்லை.

செவந்தி அதற்குள் ஒரு மணல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கரையில் ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வைஷ்ணவி, கிழிந்த பட்டைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, இன்னொரு மூட்டையை இழுத்துவந்தாள்.

சரிவுக்குக் கீழே பிச்சை முழங்கால் சேற்றில் நின்றார். விரல் பருமனாக இருந்த ஊற்று கைப்பிடி அளவாகியிருந்தது.

“இதுல வச்சு அமுக்குங்கண்ணே!” என்று செவந்தி மூட்டையை நீட்டினாள்.

“அமுக்கக் கூடாது. இங்க அடைச்சா வேற எடத்துல பொத்துக்கும். சுத்தி வைக்கணும், கெணத்து வாய் மாதிரி. உள்ள நிக்கிற தண்ணியே ஊத்த எதுத்து அமுக்கும்.” அவர் மூட்டைகளை வளையமாக அடுக்கத் தொடங்கினார். “எங்க வீட்டுப் பிள்ளைகள...”

அவள் முழுதும் கேட்கவில்லை. தெருவுக்குள் ஓடினாள். “பிரகதா! பிள்ளைகளத் தூக்கு. கோயில் மேட்டுக்குப் போங்க எல்லாரும். பெரியவுகளயும் கூட்டிக்க.”

“என்னக்கா? துணி...”

“துணி கெடக்கட்டும்டி! கரை!”

கரை என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. பிரகதாம்பாள் ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒன்றைக் கையிலும் பிடித்துக்கொண்டு, வீடு வீடாகக் கத்திக்கொண்டே போனாள். சட்டிபானையோடு வந்தவர்களை, போட்டுவிட்டு வரச்சொல்லி வைதாள். கொஞ்ச நேரத்தில் தெருவில் கோழிகள் மட்டும் நின்றன.

கலிங்கிலிருந்து பிடுங்கிய மூட்டைகளை இளவட்டங்கள் கரையோரம் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்தார்கள். வளையம் ஏறியது. அதற்குள் தண்ணீர் நிரம்பி, நடுவில் கொப்பளித்தது. இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை. கண்மாயின் மட்டம் இறங்க வேண்டும். அது இறங்கும்வரை கரை நிற்க வேண்டும். மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது.

மலையாண்டி ஈர வேட்டியோடு வந்து சரிவின் அடியில் உட்கார்ந்தார். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன.  பிறகு பிச்சையிடம், “நீ அப்பவே சொன்ன,” என்றார்.

“சொன்னேன். பெறகு நானும் கயித்தப் பிடிச்சேனே,” என்றார் பிச்சை.

“ஒரு சாண் கேட்டது நான்தான்,” என்றாள் செவந்தி. “நெனச்ச லைட்டு வரட்டும்னு நிறுத்தி வச்சதும் நான்தான்.”

பிச்சை சரிந்த மூட்டை ஒன்றை நகர்த்தி நேராக்கினார்.

பிரகதாம்பாளின் வீட்டுத் திண்ணையில் ஒரு கண்ணாடி டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. செவந்தி அதை எடுத்துவந்து வளையத்துத் தண்ணீரை மொண்டு வெளிச்சத்துக்குப் பிடித்தாள். டீயைப்போல் இருந்தது. ஊற்றிவிட்டாள். தூறல் வலுத்தது. வெற்றிசெல்வன் குடையைக் கொண்டுவந்து அவள் தலைக்குமேல் பிடித்தான். “எனக்கு வேணாம், இங்கிட்டு மண்ணு கரையுது பாருங்க,” என்று அவள் கைகாட்டிய இடத்தில், குடையை விட்டுவிட்டு ஒரு மூட்டையை வைத்தான்.

இரண்டாம் தடவை மொண்டபோதும் டீதான். அதற்கடுத்தது கொஞ்சம் வெளுத்ததா, அல்லது வானம் வெளுத்ததா என்று அவளுக்குச் சந்தேகம். வெளிச்சம் மாறினால் நிறம் மாறும் என்பதை அவளைவிட அறிந்தவர்கள் அங்கே இல்லை. அதனால் டம்ளரை வானத்துக்குப் பிடிப்பதை விட்டாள். தன் விரலை டம்ளருக்குப் பின்னால் வைத்துப் பார்த்தாள். தெரியவில்லை.

கலிங்கின் இரைச்சல் அங்கே வரை கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கும்வரை நல்லதுதான் என்று பிச்சை சொன்னார். கரையின் உட்புறம் போய்ப் பார்த்துவந்த பையன், தண்ணீர் இறங்கிய அடையாளம் கல்லில் தெரிகிறது என்றான். எவ்வளவு என்று கேட்டதற்கு விரல்களை விரித்துச் சாண் அளவு காட்டினான். அவனை நம்பாமல் மலையாண்டி தானே எழுந்து போய்ப் பார்த்துவந்தார். “எறங்குது,” என்றார். 

மேற்கே கறுத்தது வடக்கே ஒதுங்கிப் போனது. வளையத்தின் நடுவே கொப்பளிப்பு அடங்கி, ஓரத்தில் மட்டும் மெதுவாக வழிந்தது. வைஷ்ணவி ஈரப் பட்டோடு ஒரு மூட்டையில் உட்கார்ந்து, குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகச் சொன்னால் போகவில்லை.

செவந்தி மறுபடி மொண்டாள். அடியில் கொஞ்சம் மண் தங்க விட்டு, மேலே இருந்ததைப் பார்த்தாள். விரலை வைத்தாள். நகம் தெரிந்தது. நகத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த களிமண்ணும் தெரிந்தது. டம்ளரைப் பிச்சையிடம் கொடுத்தாள். அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார், முகர்ந்தார், திரும்பப் பார்த்தார்.

“தெளிஞ்சிருச்சு,” என்றார். “நான் இங்கயே கெடக்குறேன். நீ போயி பிள்ளைகளக் கூட்டியா. பசியோட இருக்கும்.”

அவள் கோயில் மேட்டுக்கு நடந்தாள்.